கார் பெயிண்ட்டில் கீறலா? வீட்டில் எதுவரை சரிசெய்யலாம், எப்படிச் செய்யலாம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். கார் பெயிண்ட் விஷயத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கதவில் ஒரு கோடு விழுந்ததும் பலர் நேராகக் கடைக்குப் போய் டச்-அப் பாட்டில் (கீறலில் வைக்கிற சின்ன பெயிண்ட் பாட்டில்) வாங்கிவந்து மேலே பூசிவிடுகிறார்கள். வெறும் பாலீஷில் போயிருக்கக்கூடிய கோடு, இப்போது பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிற தடித்த தழும்பாகிவிடும். இன்னும் சிலர் தகரம் தெரிகிற கீறலை ரப்பிங் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்துத் தேய்த்து, சுற்றியிருக்கும் நல்ல பெயிண்ட்டையும் மெலியவைத்துவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் கையில் குறை இல்லை. கீறல் எந்த அடுக்குவரை போயிருக்கிறது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கியதுதான் சிக்கல்.

அடுக்குகள் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தகரத்தின்மேல் துருப் பிடிக்காமல் இருக்க ஓர் அடிப்பூச்சு. காரின் உடலை முழுவதுமாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி ஏற்றுவது அது. அதற்கு மேல் பிரைமர், பெரும்பாலும் சாம்பல் நிறம். அதற்கு மேல் நாம் பார்க்கிற கலர். எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு வருவது இந்தக் கடைசி அடுக்கிலிருந்துதான். நான்கும் சேர்ந்தால்கூட சுமார் 100 முதல் 130 மைக்ரான்தான் வரும். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரான் அளவில்தான். தேய்த்துச் சரிசெய்ய நமக்கு இருக்கும் இடம் அவ்வளவுதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கை தானாகவே நிதானத்துக்கு வரும்.

ஆழத்தைப் பார்ப்பது

முதலில் அந்த இடத்தை ஷாம்பு தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடையுங்கள். புழுதியோடு தடவிப் பார்த்தால் புதுக் கோடுகள் விழும். பிறகு கீறல்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் ‘போய்விடுகிறது’ என்று சொல்வதும் இந்தக் கணக்குதான். எண்ணெய் பள்ளத்தை நிரப்பி ஒளியை ஏமாற்றுகிறது. இரண்டு முறை கழுவினால் பழைய கோடு பழையபடி நிற்கும்.

அடுத்தது நகம். கோட்டுக்குக் குறுக்காக நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் மாட்டாமல் போனால் பாலீஷ் போதும். மாட்டினால் பெரும்பாலும் பெயிண்ட் வைத்தாக வேண்டும்.

மூன்றாவது, கீறலின் உள்ளே என்ன நிறம் தெரிகிறது என்று பாருங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நன்றாகத் தெரியும். கறுப்பு, நீலம் போன்ற அடர்நிறக் காரில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் கிளியர் கோட் மட்டும் உடைந்திருக்கலாம். சாம்பல் தெரிந்தால் பிரைமர்வரை போயிருக்கிறது. பளிச்சென்று உலோகம் தெரிந்தால் தகரம். பழுப்பாக இருந்தால் துரு வேலையை ஆரம்பித்துவிட்டது. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது வெறும் பிளாஸ்டிக், அவசரமே இல்லை.

அது கீறலே இல்லாமலும் இருக்கலாம்

அபார்ட்மென்ட் தூணில் உரசிய கார்களைப் பாருங்கள். கதவில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பட்டையாக ஒரு தடம் இருக்கும். பார்த்தால் வயிறு கலங்கும். அதில் பெரும்பகுதி தூணின் பெயிண்ட் நம் கார்மேல் ஒட்டிக்கொண்டது. பக்கத்து ஸ்கூட்டர் இடித்த தடமும் அப்படித்தான். விரலால் தடவினால் பள்ளமாக இல்லாமல் மேடாகத் தட்டுப்படும்.

இதற்கு மைக்ரோஃபைபர் துணியில் சிறிது ரப்பிங் காம்பவுண்ட் எடுத்துத் தேய்த்தாலே போதும், வந்துவிடும். பிடிவாதமாக இருந்தால் துணியில் துளி தின்னர் தொட்டு ஒரே ஒரு முறை துடைத்து, உடனே ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் அதற்குமுன் கண்ணில் படாத ஓர் இடத்தில், கதவின் உள்விளிம்பில், சோதித்துப் பாருங்கள். கம்பெனியில் அடித்த பெயிண்ட் அடுப்பில் 140 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் வெந்து இறுகியது. தின்னருக்குச் சட்டென்று அசையாது. முன்பு எப்போதாவது சாதாரண லேக்கர் பெயிண்ட்டில் மறுபூச்சு செய்திருந்தால் துணியில் கலர் கரைந்து வரும். பழைய கார் வாங்குபவர்கள், மறுபூச்சு செய்த காரா என்று கண்டுபிடிக்கவும் இந்தச் சோதனையைச் செய்வதுண்டு. தின்னரை ஹெட்லைட் கண்ணாடி, ரப்பர் பீடிங், கறுப்புப் பிளாஸ்டிக் எதன்மேலும் படவிடாதீர்கள். அவை மங்கினால் மங்கியதுதான்.

பாலீஷில் தீர்கிற கீறல்

நகம் மாட்டாத கோடுகளுக்கு நிழலில், தொட்டால் சுடாத தகரத்தில் வேலை செய்யுங்கள். துணியில் சுண்டைக்காய் அளவு காம்பவுண்ட் போதும். கோட்டுக்குக் குறுக்காகவும் நெடுக்காகவும் நேர்கோட்டில், அகலமான சிறு பரப்பில், மிதமான அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். கோட்டின்மேல் மட்டுமே விரலை வைத்து அழுத்தினால் அங்கே ஒரு குழி விழும். ஒரு நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் இன்னொரு முறை. அதன்பின் மென்மையான பாலீஷ் போட்டு முடித்தால் காம்பவுண்ட் விட்ட மங்கல் போய்விடும்.

துணியில் கார் கலர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். கிளியர் கோட் தீர்ந்து கலர் அடுக்குக்கு வந்துவிட்டீர்கள். உடனே நிறுத்த வேண்டும். அல்லது உங்கள் காரில் கிளியர் கோட்டே கிடையாது. பழைய கார்களிலும், சில சாதா வெள்ளைக் கார்களிலும் கலரும் பளபளப்பும் ஒரே அடுக்கில்தான் இருக்கும். எது என்று தெரிய, கீறலே இல்லாத ஓர் இடத்தில் லேசாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. கதவின் மடிப்பு, பானெட்டின் விளிம்பு போன்ற மேடான வரிகளில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே தேய்க்காமல் தள்ளியே நில்லுங்கள்.

பற்பசையும் ஒரு மென்மையான தேய்ப்புப் பொருள்தான், அதனால் மிக லேசான கோடுகளில் கொஞ்சம் பலன் தெரியும். ஆனால் காம்பவுண்ட் டப்பா சில நூறு ரூபாயில் கிடைக்கும்போது அது எதற்கு?

எதை வீட்டில் தொடலாம், எதை விடலாம்

என் கணக்கு இது. கல் தெறித்து விழுந்த புள்ளிகள், சாவிக் கீறல் போன்ற ஒல்லிக் கோடுகள், கதவு விளிம்பு உதிர்ந்த இடங்கள், கால்விரல் நகம் அளவுக்குள் இருக்கிற துரு: இவற்றை வீட்டில் தாராளமாகப் பார்க்கலாம். உள்ளங்கையைவிடப் பெரிய இடம், தகரம் நசுங்கிய இடம், பானெட் நடுவில் மெட்டாலிக் சில்வர் கலரில் விழுந்த அகலக் கீறல் ஆகியவை பெயிண்டருக்கு. சில்வரும் கிரேயும் கொஞ்சம்கூட மன்னிக்காத நிறங்கள். அவற்றிலுள்ள அலுமினியத் துகள்கள் எந்தக் கோணத்தில் படிந்தன என்பதை வைத்துத்தான் நிறம் தெரியும். பிரஷ்ஷில் வைத்தால் ஒரு சாய்வு, ஸ்பிரேயில் அடித்தால் வேறு சாய்வு. ஒரே டப்பாவிலிருந்து வந்த பெயிண்ட்கூட நின்று பார்த்தால் ஒன்றாகவும், குனிந்து பார்த்தால் வேறாகவும் தெரியும். சாதா வெள்ளையும் சாதா சிவப்பும் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இன்ஷூரன்ஸில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நம் நாட்டில் தனியார் காருக்கு 1500 சிசி வரை ஒவ்வொரு கிளெய்முக்கும் 1000 ரூபாயும், அதற்கு மேல் 2000 ரூபாயும் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும். அதோடு, கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை ஏறுவது அது. ஒரு கோட்டுக்காக அதை இழப்பது கட்டுப்படியாகாது. நாலைந்து பேனல் ஒன்றாக அடிபட்டால் கதை வேறு.

கலர் குறியீடு, கடை

‘வெள்ளை’ என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். உங்கள் காரின் கலர் கோடு, அதாவது கம்பெனி அந்த நிறத்துக்கு வைத்த குறியீடு, வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ, பானெட்டைத் திறந்தால் எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும் தகட்டிலோ அது இருக்கும். டொயோட்டாவில் ‘சி/டிஆர்’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பாருங்கள்; 040 என்று இருந்தால் சூப்பர் ஒயிட். மாருதியின் சில்க்கி சில்வருக்கு ‘இசட்2எஸ்’. ஹோண்டாவின் டஃபெட்டா ஒயிட் ‘என்எச்-578’. கிடைக்கவில்லையென்றால் வண்டி எண்ணை வைத்து ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுன்டரில் கேட்டால் சொல்வார்கள்.

பொதுவாக ஓடுகிற மாடல்களுக்குப் பேனாவாகவோ நகப்பாலீஷ் பாட்டில் போலவோ டச்-அப் தயாராகக் கிடைக்கும். ஆறேழு வருடம் வெயிலில் நின்ற காருக்கு அந்தப் பாட்டில் ஒரு நூல் அடர்த்தியாகத் தெரியலாம். அப்படியானால் கார் பெயிண்ட் கலந்து தரும் கடைக்குப் போங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கார் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. மற்ற ஊர்களிலும் மெக்கானிக்கைக் கேட்டால் கடையைக் காட்டுவார். போகும்போது பெட்ரோல் டேங்க் மூடியின் வெளித்தகட்டைக் கழற்றி, லேசாகப் பாலீஷ் போட்டு, எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. குறியீடு சொல்வது கம்பெனியில் அடித்த நிறத்தை. மூடி சொல்வது இன்றைய நிறத்தை. கண்ணுக்கு ஒத்துப்போகும்வரை கலந்து தருவார்கள்.

கூடவே வாங்க வேண்டியவை: சின்ன பாட்டில் பிரைமர், கிளியர் கோட், கொஞ்சம் தின்னர், மாஸ்கிங் டேப், வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) 320, 600, 1000, 2000, 3000 நம்பர்களில் ஒவ்வொன்று, காம்பவுண்ட், பாலீஷ், இரண்டு மைக்ரோஃபைபர் துணி, நைட்ரைல் கையுறை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஸ்டேஷனரி கடையில் படம் வரைகிற பூஜ்ய நம்பர் பிரஷ் ஒன்று, ஒரு பெட்டி பல்குச்சி. டச்-அப் பாட்டிலின் மூடியோடு வருகிற பிரஷ் பெரும்பாலும் கீறலைவிட மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். அதை மூடியாக மட்டும் பயன்படுத்துங்கள்.

பிரைமர், கலர், கிளியர் மூன்றையும் ஒரே வகையில் வாங்குவது முக்கியம். வேறு வேறு வகை கலந்தால், மேலே வைத்த தின்னர் கீழே இருப்பதைக் கிளறிச் சுருங்க வைத்துவிடும். புதுப் பெயிண்ட் தோல் சுருங்கியதுபோல் ஆகிவிட்டால் முழுவதும் வழித்துவிட்டு முதலிலிருந்து செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

நாளும் நேரமும்

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஈரக் காற்றில் பெயிண்ட் வைத்தால் பால்போல் வெளுத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் சில்லென்று ஆகி, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிவதுதான் காரணம். சித்திரை வெயிலும் ஆகாது. தகரம் சுட்டால் பெயிண்ட் பரவுவதற்குமுன்பே மேல்தோல் இறுகிவிடும். தையிலிருந்து பங்குனிவரை, பனி ஈரம் காய்ந்தபின், வெயில் ஏறுவதற்குமுன் கிடைக்கும் காலை நேரம் அருமையானது. நிழலும் காற்றோட்டமும் உள்ள, ஆனால் மண் பறக்காத இடமாகப் பாருங்கள். புங்கை மரத்தடி அழகான நிழல்தான், ஆனால் மேலிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும்.

தகரம் தெரிகிறது, இப்போது மழைக்காலம் என்றால்? துடைத்து, காயவைத்து, அதன்மேல் தெளிவான டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள், அல்லது துளி பிரைமர் மட்டும் வையுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு வெறும் தகரத்தை நாள்கணக்கில் காட்டக் கூடாது.

டச்-அப் வேலை, படிப்படியாக

தகரம்வரை போன, விரல் நீளக் கீறல் ஒன்று கதவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துரு இன்னும் பிடிக்கவில்லை.

முதல் படி, சுத்தம். ஷாம்பு போட்டுக் கழுவி, காயவைத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். வாக்ஸோ சிலிக்கான் பாலீஷோ ஒரு துளி இருந்தாலும் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் மீன்கண் மாதிரி வட்டமாக விலகி ஓடும். துடைத்தபின் விரலால் தொடாதீர்கள். விரலிலும் எண்ணெய்தான்.

இரண்டாவது, விளிம்புகள். கீறலின் ஓரத்தில் பெயிண்ட் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டிருந்தால் பல்குச்சியால் நெம்பி எடுத்துவிடுங்கள். தூக்கிக்கொண்டிருக்கும் பெயிண்ட் மேல் வைத்த புதுப் பெயிண்ட் அதோடு சேர்ந்து உதிரும். பிறகு கீறலின் இரு பக்கமும், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 600 நம்பர் வாட்டர் பேப்பரைச் சின்னதாக மடித்து, அந்த மடிப்பின் நுனியால் கீறலின் உள்ளே மட்டும் சுரண்டுங்கள். பெயிண்ட் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும், அவ்வளவே. மறுபடி ஆல்கஹால் துடைப்பு. டேப்பின் வேலை இங்கே முடிந்தது, எடுத்துவிடுங்கள். டேப்போடு பெயிண்ட் வைத்தால் அதன் விளிம்பில் சுவர் மாதிரி ஒரு மேடு நிற்கும்.

மூன்றாவது, பிரைமர். தகரம் தெரிகிற இடத்தில் மட்டும். பிரஷ் நுனியிலோ பல்குச்சி நுனியிலோ ஒரு துளி எடுத்து, கோடு இழுக்காமல், புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போங்கள். துளி தானாகப் பரவி அடுத்த துளியோடு சேரும். பள்ளத்தின் அடி மூடினால் போதும், நிரப்ப வேண்டாம். ஒரு மணி நேரம் காயட்டும். சாம்பல் பிரைமர் அடுக்கு சேதமில்லாமல் இருக்கிற கீறலுக்கு இந்தப் படியே தேவையில்லை.

நான்காவது, கலர். பாட்டிலை நன்றாக இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். மெட்டாலிக் என்றால் இன்னும் கூடுதலாக. துகள்கள் அடியில் தங்கியிருக்கும். முதலில் ஒரு வெள்ளை அட்டையில் வைத்து, காயவிட்டு, காரோடு ஒட்டிப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் ஒரு நிறமும் காட்டும். சரி என்றால் அதே புள்ளி முறையில் மெல்லியதாக ஒரு பூச்சு. அரை மணி நேரம் விட்டு அடுத்தது. பெயிண்ட்டில் இருக்கும் தின்னர் ஆவியாகப் போய்விடுவதால், நிரம்பியதுபோல் தெரிந்த பள்ளம் காய்ந்தபின் மறுபடி இறங்கியிருக்கும். அதனால் மூன்று நான்கு பூச்சு தேவைப்படும். ஒரே பூச்சில் நிரப்பிவிடலாம் என்று அவசரப்பட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். பல நாள் கழித்து நடுவில் குழிவிழும். கலர் அடுக்கு சுற்றியுள்ள மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கட்டும். மேலே கிளியருக்கு இடம் வேண்டும். கிளியர் கோட்டே இல்லாத ஒற்றை அடுக்குக் காரானால் கலரையே மட்டத்துக்கு மேல் கொண்டுவந்துவிடுங்கள்.

இரவெல்லாம் காயவிட்டு மறுநாள் கிளியர். இதுவும் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. கடைசியில் பக்கத்து மட்டத்தைவிடத் தலைமுடி அளவு மேடாக இருக்க வேண்டும். அந்த மேட்டைத்தான் அப்புறம் சமன் செய்யப் போகிறோம்.

இப்போது காத்திருப்பு. இந்த வேலையிலேயே கஷ்டமான படி இதுதான். குறைந்தது மூன்று நாள். ஒரு வாரம் விட்டால் உத்தமம். தொட்டால் ஒட்டவில்லை என்பதும் உள்ளே இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. இறுகாத பெயிண்ட்டைத் தேய்த்தால் பள்ளத்திலிருந்து முழுசாக உருண்டு வெளியே வந்துவிடும். அதுவரை ஓட்டலாம், மழை பெய்தாலும் பரவாயில்லை, கழுவ மட்டும் வேண்டாம்.

கடைசியாகச் சமன் செய்தல். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரைச் சின்னத் துண்டாக வெட்டி, பேப்பரை அதன்மேல் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் வளைந்து பக்கத்து நல்ல பெயிண்ட்டைத்தான் தின்னும். தட்டையான துண்டு மேட்டை மட்டும் தொடும். ஷாம்பு கலந்த தண்ணீரை விட்டுக்கொண்டே, அழுத்தாமல், நான்கைந்து இழுப்பு. துடைத்துப் பாருங்கள். மறுபடி நான்கைந்து. தேய்க்கும்போது வருகிற தண்ணீர் பால் வெள்ளையாக இருந்தால் கிளியர்தான் கரைகிறது, பயமில்லை. கார் கலர் தெரிந்தால் அந்த இடத்தில் கை வைக்காதீர்கள். மேடு சமமானதும் 3000, பிறகு காம்பவுண்ட், பிறகு பாலீஷ். மங்கலாகிப்போன இடம் துடைக்கத் துடைக்கப் பளபளப்பாகத் திரும்பிவரும். இரண்டடி தள்ளி நின்று தேடினால்தான் தெரிகிறது என்ற நிலைக்கு வந்துவிட்டால் அத்தோடு விடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று போகிறவர்கள்தான் கிளியரைத் துளைக்கிறார்கள்.

பானெட்டில் கல் தெறித்த புள்ளிகளுக்கும் இதே முறைதான், இன்னும் சுலபம். பல்குச்சி நுனியால் ஒரு துளி. சமன் செய்யக்கூட வேண்டாம், பலருக்கு அந்த அளவே போதும். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓட்டுகிற கார்களுக்கு வருடம் ஒரு முறை உட்கார்ந்து எல்லாப் புள்ளிகளையும் அடைத்துவிடுவது நல்ல பழக்கம்.

துரு இருந்தால்

துருமேல் எதை வைத்தாலும் நிற்காது. பார்வைக்கு மறைந்திருக்கும், அடியில் பரவிக்கொண்டே போய், சில மாதங்களில் பெயிண்ட் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளத்தைக் கண்டால் அதன் உண்மையான அளவு மேலே தெரிவதைவிடப் பெரியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி முனையால் கொப்புளத்தை உடைத்து, தளர்ந்த பெயிண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 120 அல்லது 180 நம்பர் உப்புத்தாளால், பழுப்பு முழுவதும் போய்ப் பளபளவென்று தகரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். சின்னக் கறுப்புக் குழிகள் மட்டும் மிஞ்சினால், பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு மாற்றித் திரவம் கடையில் கிடைக்கும். அதைத் தொட்டு வைத்து, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடி கழுவிக் காயவையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு 320, 600 என்று தேய்த்து, பழைய பெயிண்ட்டின் விளிம்பு சரிவாக இறங்கும்படி செய்ய வேண்டும். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. வெறும் தகரம் தெரிந்த அதே நாளிலேயே பிரைமர் வைத்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அதன்பின் மேலே சொன்ன கலர், கிளியர் வரிசை. தேய்க்கும்போது தகரம் ஓட்டையாகிவிட்டது, அல்லது துரு கதவின் அடிமடிப்புக்குள்ளிருந்து வருகிறது என்றால் அது டிங்கர் வேலை. மேலே பட்டி வைத்து மூடினால் உள்ளே துரு நிற்காது.

பம்பர்

பிளாஸ்டிக் என்பதால் துரு பயமில்லை, ஆனால் பெயிண்ட் பிடிக்காது. கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிற இடத்தில் கலருக்குமுன் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமரை மெல்லியதாக வைக்க வேண்டும். மற்றபடி அதே முறை. பம்பரின் அடிப்பகுதி உரசல்களுக்கு நான் மெனக்கெட மாட்டேன். அடுத்த ஸ்பீட் பிரேக்கர் பார்த்துக்கொள்ளும்.

ஸ்பிரே டப்பா

உள்ளங்கை அளவு இடத்துக்குப் பிரஷ் சரிவராது, ஸ்பிரே வேண்டும். கையில் எடுப்பதற்குமுன் ஒரு பழைய கதவிலோ மட்கார்டிலோ பழகிக்கொள்ளுங்கள். பக்கத்து டிங்கர் பட்டறையில் கேட்டால் நசுங்கிய துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது.

சுற்றிலும் இரண்டடிக்குக் குறையாமல் காகிதத்தால் மூடுங்கள். டயர், கண்ணாடி, பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி உட்பட. ஸ்பிரே தூள் நினைத்ததைவிடத் தூரம் போகும். மூடும்போது டேப்பின் விளிம்பை மடித்துச் சுருட்டிவிட்டால் கூர்மையான கோடு விழாமல் மங்கலாக முடியும். ஏற்கெனவே இருக்கிற பளபளப்புமேல் பெயிண்ட் ஒட்டாது என்பதால், அடிக்கப்போகிற இடத்தையும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தையும் 1000 நம்பரால் மங்கலாக்குங்கள். டப்பாவை ஒரு சாண் தூரத்தில், 20 முதல் 25 சென்டிமீட்டர், பிடியுங்கள். பரப்புக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, குறுக்கே ஒரே வேகத்தில் நகர்த்தி, வெளியே போனபின் விடுங்கள். மணிக்கட்டை வீசாமல் கை முழுவதையும் நகர்த்த வேண்டும். முதல் பூச்சு தூவினது போல் இருந்தால் போதும். அடியில் இருப்பது தெரிந்தால் தெரியட்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு பூச்சு. கலரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் விரித்து, கிளியரை அதையும் தாண்டிக் கொண்டுபோய் முடித்தால் பழையதும் புதியதும் சேருமிடம் கண்ணில் உறுத்தாது. வழிந்துவிட்டால் துடைக்காதீர்கள். காயவிட்டுப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கிளியர் கோட்டில் இரண்டு வகை உண்டு. டப்பாவைத் திறந்து அப்படியே அடிப்பது ஒன்று. இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கிற ‘டூ-கே’ இன்னொன்று; பட்டறைகளில் பயன்படுவது அதுதான், பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்பு பழிவாங்க ஆரம்பித்தால் பிறகு சிறிதளவுகூடத் தாங்காது. துணி மாஸ்க், கொரோனா காலத்து மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. புதியவர்கள் வீட்டு வாசலில் டூ-கே ஸ்பிரே அடிக்காதீர்கள் என்பதே என் கருத்து. சாதா வகை ஸ்பிரேக்கும் தின்னர் போன்றவற்றின் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, திறந்த இடம் மூன்றும் வேண்டும். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் எரியக் கூடாது. மூடிய பார்க்கிங் தளத்தில் அடித்தால் நமக்கு மட்டுமல்ல, வாட்ச்மேனுக்கும் சேர்த்து மூச்சு முட்டும்.

முடிந்த பிறகு

ஒரு மாதத்துக்கு அந்த இடத்தில் வாக்ஸ், சிலிக்கான் பாலீஷ், செராமிக் கோட்டிங் எதுவும் வேண்டாம். பெயிண்ட்டில் மிஞ்சிய தின்னர் வெளியேறிக்கொண்டிருக்கும். மேலே மூடினால் மங்கும். பிரஷர் பம்ப் வைத்துக் கழுவுகிற இடத்தில் அந்தப் பக்கம் நெருங்கிப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். புதுப் பெயிண்ட்டின் விளிம்பைத் தண்ணீர் பிடித்து இழுத்துவிடும். பறவை எச்சமோ நாவல் பழமோ விழுந்தால் காயுமுன் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

மிச்சப் பெயிண்ட் பாட்டிலின் வாயைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து இறுக மூடுங்கள். வாயில் பெயிண்ட் காய்ந்து நின்றால் மூடி சரியாக உட்காராது, உள்ளே இருப்பதும் இறுகிப்போகும். கலர் கோடு, வாங்கிய தேதி இரண்டையும் ஒரு டேப்பில் எழுதிப் பாட்டிலில் ஒட்டி, அடுப்படிக்கும் வெயிலுக்கும் தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காருக்குள் வைக்காதீர்கள், மே மாதத்தில் மூடிய காரின் சூட்டில் அது பெயிண்ட்டாக இருக்காது. தின்னர் துணிகளை வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள். மிச்சத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றாமல், பக்கத்துப் பட்டறையில் கொடுத்தால் பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே துப்பாக்கியைக் கழுவ வாங்கிக்கொள்வார்கள்.